எந்தத் தளத்திலும் சேராத அறை

கண்டக்டருக்குப் பேச்சு போனபோது எல்லாச் சொற்களும் இறங்கிப் போய்விட்டன, ஒன்றைத் தவிர. அந்த ஒன்று மட்டும் தூங்கிப்போன பயணிபோல உள்ளேயே உட்கார்ந்திருந்தது. ரைட். தண்ணீர் வேண்டுமா என்றால் ரைட். போதுமா என்றால் ரைட். ஜன்னலைச் சாத்தட்டுமா, திறக்கட்டுமா, இரண்டுக்கும் ரைட். பாதி ஆயுளைப் பேருந்தின் பின்படியில் நின்றே கழித்தவர். சொல்லிச் சொல்லி அந்தச் சொல் நாக்கில் காய்த்துப்போயிருந்தது போலும். மூளையில் ரத்தக்குழாய் அடைத்து மற்றதெல்லாம் அடித்துக்கொண்டு போனபோதும் அது அசையவில்லை.

அவர் மனைவியைக் கட்டடத்தில் எல்லோரும் புரூஃபம்மா என்பார்கள். அச்சகம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே பிழை திருத்திக் கொடுப்பவள். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள், தையல் மெஷினோடு வரும் விளக்கக் குறிப்பு, தீயணைப்பு உருளையில் ஒட்டும் எச்சரிக்கை என்று யாரும் படிக்காததை எல்லாம் படிப்பதுதான் அவள் பிழைப்பு. அவர் பேசுவார், அவள் படிப்பாள். அந்த வீடு அப்படித்தான் ஓடியது. வேலையை விட்டு ஓய்வு பெற்ற பிறகும், எந்த நிறுத்தத்தில் யார் ஏறினார்கள், யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். அவள் எழுத்தில் வைத்த கண்ணை எடுக்காமல் 'ம்' கொட்டுவாள். பேச்சு நின்றபின் ஒருநாள், சுற்றுகிற மின்விசிறிக்குத் தான் 'ம்' கொட்டிக்கொண்டிருப்பதை அவளே கவனித்தாள். பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்துபோய் விசிறியை நிறுத்தினாள்.

வேறு ஊரில் வாழ்க்கைப்பட்ட மகள் ஞாயிறுதோறும் போன் செய்வாள். "அப்பா, சாப்பிட்டீங்களா?" "ரைட்." "கை எப்படிப்பா இருக்கு?" "ரைட்." பிறகு அம்மாவிடம் கொடுக்கச் சொல்வாள். அம்மாவிடம் அவள் ஒன்றும் பேசமாட்டாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்கும்.

ஒரு மத்தியானம். வெயில் தரையில் பாய் விரித்தது போலக் கிடந்தது. கீழே தெருவில் பேருந்து ஒன்று நீளமாக ஹாரன் அடித்துவிட்டு நின்றது. அடுக்களையில் இருந்தவளுக்கு முதலில் ரேடியோவோ என்று தோன்றியது. எட்டிப் பார்த்தாள். கண்டக்டர் கட்டிலில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தார்.

"பாலத்தடீ... மணிக்கூண்டு... பழைய ஜெயிலு... நூலாலை... நூலாலை தாண்டினா கோர்ட்டு... கோர்ட்டு தாண்டினா துறைமுகம்..."

அவருடைய பழைய தடம். இளம் வயதில், கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போகிறதென்று, நிறுத்தங்களின் பெயர்களை ஒரு மெட்டில் போட்டு இழுக்கப் பழகியிருந்தார். அந்த மெட்டுக்காகவே அவர் வண்டிக்குக் காத்திருந்து ஏறியவர்கள் உண்டு. ஒரு நிறுத்தம் விடாமல், ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் துறைமுகம் வரைக்கும் போய், கண்ணைத் திறந்தார். கையில் ஈரத் துணியோடு நின்றவளைப் பார்த்தார்.

"என்னங்க, இப்ப என்ன சொன்னீங்க?" என்றாள்.

"ரைட்," என்றார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற பெண் இதைக் கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "பேச்சும் பாட்டும் ஒரே தெருவுலதான் இருக்கும்மா, ஆனா வேற வேற வீடு. இவருக்குப் பேச்சு வீடு இடிஞ்சுபோச்சு. பாட்டு வீடு அப்படியே நிக்குது. அந்த வீட்டு வாசல் வழியா ஒவ்வொரு வார்த்தையா வெளிய கூட்டிட்டு வரலாம். முதல்ல இந்தப் பாட்டு. அப்புறம் அதே மெட்டுல வேற வார்த்தை. ஆனா ஒண்ணு, முணுமுணுத்தா பிரயோஜனம் இல்ல. வாய்விட்டு, முழுத் தொண்டையில பாடணும். தினமும்."

தினமும் பாடினார்கள். கூட்டத்தில் கடைசி சீட்டு வரைக்கும் கேட்கப் பழகிய தொண்டை அது. நான்காம் நாள் ஆறாம் மாடியிலிருந்து நர்ஸ் இறங்கி வந்தாள். இரவெல்லாம் ஆஸ்பத்திரியில் விழித்துவிட்டுப் பகலில் தூங்குகிறவள். தலைமுடி ஒரு பக்கம் அமுங்கியிருந்தது.

"அக்கா, நான் சண்டைக்கு வரல. ஆனா என் கட்டிலுக்கு நேர் கீழதான் அண்ணன் கட்டில். கண்ணை மூடினா துறைமுகம், துறைமுகம்னு கேக்குது. நேத்து வார்டுல ஊசியைக் கையில வெச்சுக்கிட்டு நின்னுக்கிட்டே தூங்கிட்டேன்."

அவள் சொன்னதில் பொய் இல்லை. அதனால் அவள் சங்கச் செயலாளரிடம் புகார் கொடுத்தபோதும் புரூஃபம்மாவுக்குக் கோபப்பட வழியில்லை.

செயலாளர் சுங்க இலாகாவில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். குடியிருப்போர் சங்கத்து விதிப்புத்தகத்தை மூக்குக்கண்ணாடி உறை போல எப்போதும் சட்டைப்பையில் வைத்திருப்பார். பல வருடங்களுக்கு முன் எக்காளம் ஊதுகிற ஒருவன் இங்கே குடியிருந்து, எதிர்வீட்டுக்காரர் கோர்ட்டுக்குப் போய், கட்டடமே இரண்டுபட்டுப் போயிருந்தது. அப்போது போட்ட விதியை அவர் வாசலில் நின்று வாசித்தார். எந்த வீட்டிலும், எந்தத் தளத்திலும், படிக்கட்டிலும், வண்டி நிறுத்துமிடத்திலும், மொட்டை மாடியிலும் வாத்தியமோ வாய்ப்பாட்டோ கூடாது.

"எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு மேடம். ஆனா ஒருத்தருக்காக வளைச்சா நாளைக்கு எக்காளம் வரும்," என்றார். அவர் குரலில் கொடுமை இல்லை. அணைக்கட்டில் ஓட்டை விழுந்துவிடுமோ என்று விரலை வைத்துக்கொண்டு நிற்கிறவரின் கவலைதான் இருந்தது.

கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு பாடிப் பார்த்தார்கள். அவருக்கு மூச்சு முட்டியது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பாடினால் குழாய்ச் சத்தத்தைத் தாண்டி அவர் தொண்டை மேலே போனது. சக்கர நாற்காலியில் பூங்காவுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். அங்கே நடைப்பயிற்சிக்காரர்கள் நின்று திரும்பிப் பார்க்க, அவர் வாயை இறுக்கிக்கொண்டார். ஒரு பேருந்து நிறைய ஆட்களை அதட்டிய மனிதர், இரண்டு பேர் பார்வைக்குக் கூசிப்போய் மடியில் கிடந்த தன் செயலிழந்த வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டாள். பாட்டு நின்றது. அதோடு அவர் முகத்தில் வந்திருந்த வெளிச்சமும் போனது.

அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் குளிர்சாதனக் கிடங்காக இருந்தது. பழங்களும் மீனும் ஐஸ் பாளங்களும் அடுக்கிவைத்த தளங்களைத்தான் பிறகு தடுத்து வீடுகளாக்கினார்கள். முன்பக்கம் புதிதாக வைத்த சின்ன லிஃப்டில் சக்கர நாற்காலி நுழையாது. பின்பக்கம் பழைய சரக்கு லிஃப்ட் இருந்தது. நாலு பேர் கட்டில் போட்டுப் படுக்கலாம் போன்ற அறை. குளிர் வெளியே போகாமல் இருக்க அதன் சுவர்களிலும், அது ஏறி இறங்குகிற கூண்டின் சுவர்களிலும் தக்கைப் பலகை கனமாகப் பதித்திருந்தார்கள். மேலே கம்பி வலை போட்ட ஒரு திறப்பு. அண்ணாந்து பார்த்தால் வெகு உயரத்தில், கூரையின் கண்ணாடி வழியாக, ஒரு துண்டு வானம் தெரியும். கிணற்றுக்குள் விழுந்த நிலா மேலே பார்த்தால் அப்படித்தான் தெரியும்.

ஒருநாள் டாக்டரைப் பார்க்க அதில் இறங்கிக்கொண்டிருந்தபோது லிஃப்ட் ஒரு பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. நாலாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில். அழைப்பு மணியை அழுத்தினாள். மெக்கானிக்குக்குப் போன் போட்டாள்.

"வந்துட்டே இருக்கேம்மா," என்றான்.

அவன் எப்போது கூப்பிட்டாலும் அதைத்தான் சொல்வான். வீட்டில் படுத்திருந்தாலும் அதைத்தான் சொல்வான். கட்டடத்தில் அவனுக்குப் பெயரே வந்துட்டேயிருக்கேன் என்று ஆகிப்போயிருந்தது.

கண்டக்டர் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தார். நெற்றி வியர்த்தது. "ரைட், ரைட், ரைட்," என்றார், ஒவ்வொன்றும் முன்னதைவிட மெல்லிசாக. அவள் அவர் தோளில் கையை வைத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில், சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்தாள். லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் பதற வேண்டாம். உதவி வரும்வரை உரக்கக் குரல் கொடுத்துக்கொண்டே இருக்கவும்.

இரண்டு தடவை படித்தாள். ஒற்றுப்பிழை கூட இல்லை.

"என்னங்க, உரக்கக் குரல் கொடுக்கச் சொல்லி எழுதியிருக்காங்க. கொடுங்க," என்றாள். தானே முதலில் தொடங்கினாள். "பாலத்தடீ..."

அவர் பிடித்துக்கொண்டார். மணிக்கூண்டு, பழைய ஜெயில், நூலாலை. பாட்டு தக்கைச் சுவரில் பட்டுத் திரும்பி வராமல் அதற்குள்ளேயே இறங்கிப்போனது, மணலில் தண்ணீர் இறங்குவதுபோல. எத்தனை சத்தமாகப் பாடினாலும் ஒரு மென்மை இருந்தது. மேலிருந்து வந்த வெளிச்சத்தில் தூசி மிதந்தது. மரப்பலகையின் இடுக்குகளில் இருந்து, என்றைக்கோ ஏற்றிப்போன ஆப்பிள்களின் வாசம் லேசாக எழுந்தது. கோர்ட்டைத் தாண்டித் துறைமுகத்துக்கு வரும்போது கண்டக்டரின் பிடி தளர்ந்திருந்தது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார். பேச்சு போனபின் அந்தச் சிரிப்பை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

மேலே நாலாம் மாடிக் கதவு திறந்தது. மெக்கானிக்கின் தலை தெரிந்தது. "உள்ள யாரு பாடினது?"

"வெளிய கேட்டுச்சா தம்பி?"

"எங்க கேக்குது. கதவுல காதை வெச்சேன், அப்பத்தான் கேட்டுச்சு. இது ஐஸ் பெட்டிம்மா. உள்ள யானை பிளிறினாலும் வெளிய கொசு சத்தம்."

அன்று சாயங்காலம் அவள் விதிப்புத்தகத்தை எடுத்துவைத்து, அச்சகத்திலிருந்து வந்த தாளைப் படிப்பதுபோல விரல் வைத்துப் படித்தாள். மனிதர்கள் எழுதியிருப்பதைப் படிப்பதில்லை, எழுதியிருப்பதாகத் தாங்கள் நினைப்பதைத்தான் படிக்கிறார்கள் என்பது அவள் தொழில் கற்றுக்கொடுத்தது. வீடு இருந்தது, தளம் இருந்தது, படிக்கட்டு இருந்தது, மொட்டை மாடி இருந்தது. லிஃப்ட் இல்லை. தளத்தில் நின்றால் லிஃப்ட் தளத்தைச் சேரும். இரண்டு தளங்களுக்கு நடுவில் நின்றால்?

ஆனால் அடுத்த பக்கத்தில் இன்னொரு விதி இருந்தது. தேவையின்றி லிஃப்டை நிறுத்தி வைக்கக் கூடாது.

மறுநாள் மொட்டை மாடிக்குப் பக்கத்தில், லிஃப்டின் மோட்டார் அறையில், சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டிருந்த மெக்கானிக்கைப் போய்ப் பார்த்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவன் கையை உதறினான்.

"அம்மா, சும்மா நிறுத்தினா என் லைசென்ஸ் போயிடும். பிள்ளை குட்டிக்காரன் நான்."

"சும்மா வேண்டாம் தம்பி. நீங்க எதுக்காக நிறுத்துவீங்க? அதைச் சொல்லுங்க."

"பிரேக் பார்க்க நிறுத்துவோம். சுமையை ஏத்தி, ரெண்டு மாடிக்கு நடுவுல நிறுத்தி, வழுக்குதான்னு பார்க்கணும். அது கட்டாயம்."

"என்ன சுமை?"

"மணல் மூட்டைதான். அதைத் தூக்கித் தூக்கி என் இடுப்பு போச்சு."

"மணல்னு எழுதியிருக்கா?"

அவன் கவளத்தைப் பாதியில் நிறுத்தினான். சுவரில் எண்ணெய்க் கறையோடு தொங்கிய பராமரிப்புக் குறிப்பை எழுந்துபோய்ப் பார்த்தான். "தகுந்த சுமைன்னு போட்டிருக்கு."

"எவ்வளவு நேரம் நிறுத்தணும்?"

"போதுமான நேரம்."

"எத்தனை நாளைக்கு ஒரு தடவை?"

"வாரத்துக்கு ஒரு தடவையாவது."

"ஆவது," என்றாள் புரூஃபம்மா. அந்த மூன்று எழுத்தை அவள் வாயில் போட்ட கற்கண்டுபோல ஒதுக்கிவைத்துக்கொண்டாள். "ஒரு தடவைன்னு போட்டிருந்தா வேற. ஒரு தடவையாவதுன்னா, தினமும் பண்ணினா இன்னும் நல்லதுன்னுதானே அர்த்தம்."

மெக்கானிக் அவளைப் பார்த்தான். பிறகு தன் இடுப்பைத் தடவிக்கொண்டான். "பத்து வருஷமா இதைத் தினமும் பார்க்கிறேன். இப்பத்தாம்மா படிக்கிறேன்," என்றான்.

இப்படித்தான் அது ஆரம்பித்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, யாரும் லிஃப்டைத் தேடாத நேரத்தில், மெக்கானிக் இரண்டே இரண்டு மணல் மூட்டையை ஏற்றுவான். பிறகு சக்கர நாற்காலி. பிறகு அவள். நாலாம் மாடியை விட்டு இறங்கி, மூன்றாம் மாடியைத் தொடும் முன், அவன் நெம்புகோலைத் திருப்புவான். லிஃப்ட் நிற்கும். அவன் பிரேக்கை நிஜமாகவே சோதிப்பான், சங்கிலியில் சாக்கட்டியால் கோடு போட்டு வழுக்குகிறதா என்று பார்ப்பான். அந்த விஷயத்தில் அவன் ஏமாற்றவில்லை. சரி பார்த்தபின் மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்து, "சுமை பேசலாம்," என்பான்.

சுமை பாடும்.

அந்த மத்தியானங்கள் தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் எங்கோ தொங்கின. மேலே ஒரு துண்டு வானம் வெள்ளையாகும், நீலமாகும், சில நாள் ஒரு புறா அதைக் கடக்கும். கீழே உலகம் இருந்தது, மேலேயும் இருந்தது. இங்கே தக்கையின் வாசமும் அந்த மெட்டும் மட்டும். பயிற்சிப் பெண் சொல்லிக்கொடுத்தபடி அவள் நிறுத்தங்களுக்கு நடுவில் புதுச் சொற்களை ஏற்றினாள். பாலத்தடி, மணிக்கூண்டு, தண்ணி கொடு. பழைய ஜெயிலு, நூலாலை, பசிக்குது. புதுச் சொற்கள் முதலில் தயங்கிப் படியில் நின்றன. அவர் கைகொடுத்து ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துப்போட்டார்.

ஒருநாள் அவர் தானாக ஒன்றை ஏற்றினார். "பாலத்தடீ... மணிக்கூண்டு... கட்டை விரலு... கட்டை விரலு வலிக்குது..."

அவள் குனிந்து பார்த்தாள். சக்கர நாற்காலியின் கால் வைக்கும் தட்டில் ஒரு திருகு துருத்திக்கொண்டு நின்றது. வலது காலின் கட்டை விரல் அதில் அழுந்தி, நகம் கறுத்துப்போயிருந்தது. நாற்காலி வந்த நாளிலிருந்து அது அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். வசதியாக இருக்கிறதா என்று அவள் தினமும் கேட்டாள். ரைட் என்று அவர் தினமும் சொன்னார்.

அவள் அந்தக் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். மெக்கானிக் ஸ்பேனரை எடுத்து, அவள் பக்கம் பார்க்காமல், திருகைக் கழற்றினான்.

சொற்கள் வர வர அவருடைய பழைய குறும்பும் வந்தது. அந்த மெட்டை எங்கே பிடித்தீர்கள் என்று ஒருநாள் கேட்டாள். "கடைசி... சீட்டு... பொண்ணு... பாடிட்டு வரும்," என்று இழுத்தார்.

"எந்தப் பொண்ணு?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். நிலைமையைப் புரிந்துகொண்டார். "ரைட்," என்றார். அதற்குமேல் ஒரு சொல் வரவில்லை. மெக்கானிக் மூட்டைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டான்.

ரகசியம் எத்தனை நாளைக்குத் தாங்கும். ஒரு மத்தியானம் நாலாம் மாடியில் கதவு திறந்தபோது நர்ஸ் காய்கறிப் பையோடு நின்றுகொண்டிருந்தாள். தூக்கம் வராமல் கடைக்குப் போய்விட்டு, முன் லிஃப்ட் நாலாம் மாடியிலேயே பழுதாகி நின்றுவிட, இந்தப் பக்கம் வந்தவள். நாற்காலியையும் மூட்டையையும் மெக்கானிக்கையும் பார்த்தாள்.

"இங்கதான் பாடுறீங்களா? நான் என்னமோ நிறுத்திட்டீங்கன்னு..." என்றாள். முகம் வாடிவிட்டது. "என் புகார் பாட்டு மேல இல்லக்கா. தூக்கத்துக்குத்தான் கேட்டேன்."

"தெரியும்மா. உள்ள வா. சுமைக்கு ஆள் பத்தல."

அவள் வந்து மூட்டையில் உட்கார்ந்தாள். லிஃப்ட் நடுவில் நின்றது. கண்டக்டர் கொஞ்சம் கூசினார், பிறகு பாடினார். நூலாலையைத் தாண்டும்போது நர்ஸ் தூங்கிப்போயிருந்தாள். பையிலிருந்து ஒரு தக்காளி உருண்டு மூலைக்குப் போனது. அன்றைக்கு மெக்கானிக் பிரேக்கைப் போதுமான நேரத்துக்கும் மேலாகச் சோதித்தான், அவளை எழுப்ப மனம் வராமல்.

அதன்பின் ஒவ்வொருவராக வந்தார்கள். இரண்டாம் மாடித் தையல்காரர், அவர் மாமியார், ஒன்பதாம் மாடியில் தனியாக இருந்த பல் டாக்டர். எல்லோரும் சுமைகள். யாரும் ஒன்றும் கேட்பதில்லை. கொஞ்ச நேரம் எங்கும் இல்லாமல் இருந்துவிட்டு அவரவர் மாடிக்குப் போய்விடுவார்கள்.

செயலாளர் கதவைத் திறக்கச் சொன்ன நாளில் உள்ளே ஆறு பேர் இருந்தார்கள்.

"என்னப்பா நடக்குது இங்க?"

"பிரேக் டெஸ்ட் சார்."

"தினமுமா?"

"வாரத்துக்கு ஒரு தடவையாவதுன்னு போட்டிருக்கு சார்."

செயலாளர் புத்தகத்தை எடுத்தார். நின்றபடியே படித்தார். புரட்டினார், திரும்பப் படித்தார். முகத்தில் கோபம் வரும் என்று புரூஃபம்மா காத்திருந்தாள். வந்தது வேறொன்று. வருடக்கணக்காகத் தினமும் துடைத்துவைத்த சுவரில் தான் பார்க்காத ஒரு கதவை யாரோ திறந்து காட்டியதுபோல இருந்தது அவர் முகம்.

"நீங்க விதியை மீறியிருந்தா மன்னிச்சு விட்டிருப்பேன் மேடம்," என்றார் மெதுவாக. "மீறலையே. மன்னிக்கிறதுக்கு எனக்கு ஒண்ணுமே வைக்கலையே நீங்க."

"மீறக் கூடாதுன்னுதான் சார் இவ்வளவு படிச்சேன்."

"இது ஓட்டை. ஓட்டைன்னா அடைக்கணும். சிறப்புக் கூட்டம் போட்டு லிஃப்டையும் சேர்க்கிறதுதான் முறை." புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நடந்தார்.

கூட்டம் ஞாயிறு காலை, தரைத்தள அறையில் என்று அறிவிப்பு வந்தது. புரூஃபம்மா அதையும் படித்தாள். மூன்றில் ஒரு பங்கு வீட்டுக்காரர்கள் கூட்ட அறையில் இருந்தால்தான் தீர்மானம் செல்லும். அவள் யாரையும் தூண்டவில்லை. இந்தத் தடவை படித்துச் சொன்னவள் நர்ஸ்.

"அக்கா, பெரிய டெஸ்ட்டுன்னு ஒண்ணு இருக்காமே. முழுச் சுமை. வருஷத்துக்கு ஒரு தடவையாவது பண்ணணுமாம். மெக்கானிக் தம்பியைக் கேட்டேன், ஞாயித்துக்கிழமை காலையில பண்ணலாமாம்."

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். காபி டம்ளரோடு வந்தார்கள், செய்தித்தாளோடு வந்தார்கள், தையல்காரர் பாதி தைத்த சட்டையோடு வந்தார். மீனும் ஐஸ் பாளங்களும் சுமந்த லிஃப்ட் அத்தனை பேரையும் பொறுமையாக ஏற்றுக்கொண்டது. மெக்கானிக் உத்தேசமாக எடைகளைக் கூட்டிப் பார்த்துக்கொண்டே போனான். யாரும் தங்கள் எடையைக் குறைத்துச் சொல்லக் கூடாது என்று பெண்களிடம் கேட்டுக்கொண்டான். நாலுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிறுத்தியபோது, அத்தனை பேரும் ஒருவர் தோளில் ஒருவர் இடித்துக்கொண்டு, அண்ணாந்து அந்தத் துண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்டக்டர் நடுவில் நாற்காலியில் இருந்தார். கூட்டத்தைப் பார்த்து அவர் கூசவில்லை. கூட்டம் அவருக்கு ஊர் திரும்பியதுபோல இருந்தது. இடது கையால் யாரோ ஒருவரின் முழங்கையைத் தள்ளி வழி பண்ணினார்.

"இன்னும் ஒரு ஆள் குறையுதே. அதுவும் நல்ல கனமான ஆளா வேணும்," என்றான் மெக்கானிக்.

லிஃப்டைத் தரைத்தளத்துக்கு இறக்கினான். கதவு திறந்தது. எதிரே செயலாளர் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் கூட்ட அறையில் வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள். ஒவ்வொன்றையும் அவரே விரித்துப் போட்டிருந்தார். சலவைச் சட்டை போட்டிருந்தார்.

"கூட்டத்துக்குக் கோரம் இல்லை, ஆள் போதலை," என்றார் பொதுவாக.

யாரும் சிரிக்கவில்லை. புரூஃபம்மா அந்தக் காலி நாற்காலிகளைப் பார்த்தாள். ஜெயித்த மாதிரி இல்லை. ஒரு மனிதரைத் தனியாக உட்காரவைத்துவிட்டு எல்லோரும் வண்டியேறிப் போன மாதிரி இருந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடினாள். அவளுக்கு முன் கண்டக்டர் வாயைத் திறந்தார்.

"உள்ள போங்க, உள்ள போங்க," என்றார் கூட்டத்திடம். பிறகு வாசலில் நின்றவரைப் பார்த்து, "ஏறுங்க சார். இடம்... இருக்கு."

மெட்டு இல்லை. பாலத்தடியும் மணிக்கூண்டும் இல்லை. அவள் சொல்லிக்கொடுத்ததும் இல்லை. வெறும் பேச்சு. லிஃப்டுக்குள் அத்தனை பேரும் அவர் பக்கம் திரும்பினார்கள். புரூஃபம்மா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

செயலாளர் நின்றார். அவர் கை தானாகப் புத்தகத்துக்குப் போனது. எடுத்து, கண்ணாடியை மாட்டி, புரட்டி, ஒரு பக்கத்தில் நிறுத்தினார். "முழுச் சுமைச் சோதனையைச் செயலாளர் நேரில் பார்வையிட வேண்டும்னு இருக்கு," என்றார்.

"எங்கிருந்து பார்வையிடணும்னு இருக்கா சார்?" என்றாள் புரூஃபம்மா.

"அது இல்லை." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அது ஒரு குறைதான். உள்ளே இருந்தும் பார்வையிடலாம்னு எடுத்துக்கலாம்."

வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு ஏறினார். மெக்கானிக் முகம் மலர்ந்தது. எடை சரியாக வந்தது.

அந்தச் சிறப்புக் கூட்டம் பிறகு கூடவே இல்லை. தேதி குறிக்க வேண்டும் என்று செயலாளர் அவ்வப்போது சொல்வார், யாரும் ஞாபகப்படுத்தமாட்டார்கள், அவரும் வற்புறுத்தமாட்டார். மழைக்காலம் வந்து கூரைக் கண்ணாடியில் தண்ணீர் ஓடிய மத்தியானங்களில் லிஃப்டுக்குள் எல்லோர் முகத்திலும் அலை ஆடும். அவரும் அங்கே ஒரு மூட்டையில் உட்கார்ந்து அதைப் பார்வையிடுவார். நர்ஸுக்குப் பகல் வேலை கிடைத்தது. இருந்தும் விடுமுறை நாளில் தூங்குவதற்கு வருவாள்.

கண்டக்டரின் பேச்சு முழுசாகத் திரும்பவில்லை. சில சொற்கள் வரவே இல்லை, சில சொற்கள் வேறு சொற்களின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தன. கரண்டியைக் குடை என்பார். ஆனால் வந்தன.

அடுத்த விடுமுறைக்கு மகள் வந்தாள். சாப்பாட்டு மேஜையில் அவளை எதிரே உட்காரவைத்துக்கொண்டு அப்பா பேச ஆரம்பித்தார். மழை நாளில் ஒரு கிழவர் ஆட்டுக்குட்டியைச் சட்டைக்குள் மறைத்து ஏறிய கதை. முதல் சொல்லுக்கே மகள் அழுதாள். ஆடு கத்திய இடத்தில் அழுதுகொண்டே சிரித்தாள். அவர் விடவில்லை. ஆட்டுக்கு டிக்கெட் போடலாமா கூடாதா என்று ஓட்டுநர் ஒரு கட்சி, பயணிகள் ஒரு கட்சி. ஒவ்வொருவர் சொன்னதையும் நிறுத்தி, தேடி, எட்டி எடுத்துச் சொன்னார். பயணத்தில் களைத்து வந்தவள். தட்டில் கை காய்ந்துபோயிருந்தது. கிழவர் இன்னும் இறங்கவில்லை.

மகள் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு கொட்டாவி விட்டாள்.

ஜன்னலோரம் தாளில் குனிந்திருந்த புரூஃபம்மா அதைப் பார்த்துவிட்டாள். பேனாவை எடுத்துக்கொண்டு, விட்ட வரியில் கண்ணை வைத்து, "ம்," என்றாள்.

"அப்புறம் அந்த ஆடு," என்றார் அவர்.